பிஸ்கட் டின்னுக்குள் இருந்த மீதி விளையாட்டு

கூட்டத்தில் எழும்பி நின்று சாட்சி சொல்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீடாக ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் உபதேசியார், ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்பார். மகளுக்கு வரன் அமைந்தது, மூட்டுவலி குறைந்தது, விசா கிடைத்தது என்று யாராவது சொல்வார்கள். நான் பாயின் ஓரத்தில் இருந்து ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுகிற ஆள். அப்படிப்பட்டவன் போன மழைக்காலத்தில் ஒரு நாள் எழும்பி, ஒரு விளையாட்டைப் பற்றிச் சாட்சி சொன்னேன். நினைத்தால் இப்போதும் காதுமடல் சூடாகிறது.

விளையாட்டு என் மகன் கொண்டுவந்தது. அவன் வளைகுடாவில் இன்ஜினியர். கல்யாணம் முடிந்த கையோடு மனைவியை எங்களோடு விட்டுவிட்டுப் போனவன், முதல் லீவுக்கு வந்திருந்தான். பெட்டியைத் திறந்தால் எல்லா வீட்டிலும் வருகிற சாமான்தான். பால்பொடி, சோப்பு, தைலம், கம்பளி, நீல நிற டின்னில் பிஸ்கட். எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் கனத்தில் ஒரு அட்டைப்பெட்டி. மேலே கடலும் பாய்க்கப்பலும் படம். அங்கே அவன் தங்குகிற அறையில் லீவு நாளில் எல்லாரும் கூடியிருந்து இதைத்தான் விளையாடுவார்களாம். வீட்டிலும் எல்லாரும் சேர்ந்து விளையாடலாம் என்று வாங்கினேன் அப்பா என்றான்.

அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. காரணம் உண்டு. எனக்குக் கருங்கல் ஊர்ச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். விடியுமுன் போய்விடுவேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் வீடு திரும்புகிற நேரம் அவன் தூங்கியிருப்பான். வளர்ந்து பெரிய படிப்புப் படித்த பிறகு அவனோடு பேச என்னிடம் விஷயம் இல்லாமல் போயிற்று. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். போனில் கூப்பிட்டால், சாப்பிட்டியா, ஜெபம் பண்ணினியா என்று கேட்பேன். பிறகு, "இந்தா, அம்மைகிட்ட குடுக்கேன்" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இந்த லீவு முடியுமுன் அவனோடு ஒரு மேசையில் சமமாக இருந்து ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைக் கேட்கத் தெரியாமல் இருந்தேன். அவனே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை ஒன்றைத் தடுத்ததுதான். கப்பல்கள், கலர் கலராக மரக்கட்டைகள், கட்டுக்கட்டாக அட்டைகள், தகரக் காசுகள், இவற்றுக்கு நடுவில் இரண்டு பகடை கிடந்தது. எங்கள் அப்பா காலத்திலேயே வீட்டில் தாயம் கூட உருட்ட விடமாட்டார்கள். சிலுவையின் அடியில் இருந்து சேவகர்கள் ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டதை ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கேட்டு வளர்ந்தவன் நான். "மக்கா, இந்தச் சாதனம் நம்ம வீட்ல உருளாது" என்றேன். அவன் தர்க்கம் செய்யவில்லை. இரண்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மருமகள் நல்ல பிள்ளை. கல்யாணத்துக்கு முன் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். அவள் காகிதத்தில் எண்களை எழுதி மடித்து, ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். பகடைக்குப் பதிலாக ஒரு சீட்டை எடுத்தால் போதும். புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிந்து, வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்கிறது போலவே இருந்தது. எனக்குப் பூரண திருப்தி. சீட்டு எடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி ஒரு நொடி இருப்பேன். அவர்கள் காத்திருப்பார்கள். பகடையும் சேவகர்கள் போட்டதும் ஒன்றென்றால், இந்தச் சீட்டும் அதே சீட்டுதானே என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

மகன் விளக்கினான். எந்தத் துறைமுகத்துக்கு எந்தச் சரக்கு வேண்டும், காற்று எப்படி அடிக்கும், கொள்ளைக்கப்பல் எப்போது வரும், யார் யாரோடு ஒப்பந்தம் போடலாம் என்றெல்லாம் வெகுநேரம் சொன்னான். சந்தையில் வெளியூர் வியாபாரி வேகமாகப் பேசினால் நான் எப்படித் தலையாட்டுவேனோ அப்படித் தலையாட்டினேன். ஆளுக்கு ஐந்தாறு அட்டை கொடுத்தான். எல்லாம் இங்கிலீஷ். நான் என் அட்டைகளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், தூரக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அப்போது என் மனைவி தன் கையில் இருந்த அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஒரு எழவும் மனசிலாவல்ல மக்கா. கொறச்சு லேசாக்கித் தா."

எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் விளையாட்டு லேசாகிவிட்டது. அட்டை இல்லை, காசு இல்லை, புயல் இல்லை, கொள்ளைக்கப்பல் இல்லை. சீட்டு எடுக்க வேண்டும், அந்த எண்ணுக்குக் கப்பலை நகர்த்த வேண்டும், துறைமுகத்தில் சரக்காக ஒரு கட்டையை ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். யாரிடம் அதிகக் கட்டை சேர்கிறதோ அவர் ஜெயித்தார். அட்டைகளும் காசும் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. மகனை மட்டும் தனியே கூப்பிட்டு, "அவளுக்கு வேண்டி நாமளும் இப்படியே விளையாடுவோம், என்னா? பாவம், அவ மனசு நோவப்பிடாது" என்றேன். அவன், சரி அப்பா என்றான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதிலிருந்து ராச்சாப்பாட்டுக்கு முன் தினமும் கப்பல்தான். நான் சந்தையிலிருந்து சீக்கிரமாகவே கிளம்ப ஆரம்பித்தேன். பக்கத்துக் கடைக்காரர் சும்மா விடுவாரா. "மகன் கப்பல் வாங்கித் தந்தானாம்லா? எங்க நிறுத்தியிருக்கிய, தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலயா?" என்று கேட்பார். எனக்கு அந்தக் கேலியும் பிடித்திருந்தது. வீட்டில் நான் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளாகிவிட்டேன். "ஏ பிள்ளே, அங்கோட்டு எதுக்குப் போற? இஞ்சால திருப்பு" என்பேன். அவள் கப்பலை விரலால் தள்ளிக்கொண்டு, "இப்படியா?" என்று கேட்பாள். அப்படியல்ல என்று அவள் கையைப் பிடித்தே நகர்த்துவேன். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். மகன் கைதட்டுவான். இன்ஜினியரை எட்டாம் கிளாஸ் ஜெயிச்சாச்சு என்று நானே சொல்லிச் சிரிப்பேன்.

மகன் திரும்பிப் போக நாலைந்து நாள் இருந்தபோது வந்தது அந்த வெள்ளிக்கிழமை. கூட்டம் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில். லீவு தொடங்கினதிலிருந்து என் மனைவி வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வரவில்லை. மகனுக்கு மீன் குழம்பு வைக்க வேண்டும், மாவு அரைக்க வேண்டும் என்று ஏதாவது சொல்வாள். நானும் வற்புறுத்தவில்லை. அன்றைக்கும் தனியாகத்தான் போனேன்.

சாட்சி நேரம் வந்தபோது எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை. படிப்பில்லாத எனக்கு ஆண்டவர் புத்தியைத் தந்தார் என்று தொடங்கினேன். வெளிநாட்டில் படித்தவர்கள் விளையாடுகிற விளையாட்டை நான் கற்றுக்கொண்டேன், என் மகனோடு தினமும் சமமாக இருந்து விளையாடுகிறேன், எத்தனையோ வருஷமாக நான் ஜெபித்தது இதற்குத்தான் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். வாய் நிற்கவில்லை. என் மனைவிக்கு அது விளங்காததால் அவளுக்காக நாங்கள் அதை லேசாக்கி விளையாடுகிறோம், குடும்பத்தில் பலவீனமானவர்களைத் தாங்கிக்கொள்ள ஆண்டவர் இதன் மூலம் எனக்குக் கற்றுத்தந்தார் என்றும் சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உபதேசியார் கண்கலங்கி, நல்ல சாட்சி என்றார்.

அன்றைக்குச் சரியான மழை. கரண்டும் போயிற்று. உபதேசியார் பிரசங்கத்தைச் சுருக்கி முடித்துவிட்டார். நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வீட்டுக்குத் திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. உள்ளே ஏதோ குலுக்குகிற சத்தம். சில்வர் டம்ளரில் எதையோ போட்டுக் குலுக்கி மேசையில் கவிழ்க்கிறார்கள். பலகையில் பகடை உருளுகிறது.

எனக்கு முதலில் வந்தது கோபம். நான் ஜெபத்துக்குப் போன நேரம் பார்த்து என் வீட்டில் பகடையா என்று வேகமாக வராந்தாவில் ஏறினேன். ஜன்னல் பாதி திறந்திருந்தது. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் மேசை நன்றாகத் தெரிந்தது. பிஸ்கட் தீர்ந்த நீல டின் திறந்து கிடந்தது. அதில் என் மனைவி நூலும் ஊசியும் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். மேசை முழுக்க அட்டைகள். காசு அடுக்கடுக்காக இருந்தது. என் கண் தேடினது யாரை என்றால் அவளைத்தான். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு அட்டையை விளக்குக்குக் கிட்டப் பிடித்து, இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் பத்தாம் வகுப்பு பாஸானவள். கல்யாணமான புதிதில் எனக்கு அதில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பிறகு நானும் மறந்தேன், அவளும் சொன்னதில்லை.

"புயல் வந்தா பாதிச் சரக்கு போவும்னு போட்டிருக்கு" என்று மகனிடம் சொன்னாள். "நீ இன்சூரன்ஸ் எடுத்தியா? எடுக்கல்லியே. அப்ப வை கீழ. என்னத்துக்கு முழிக்க, வை."

மருமகள் சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். "அத்தை, அவங்க போன வெள்ளியும் தோத்தாச்சு. கொஞ்சம் விடுங்க" என்றாள்.

மகன் கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டே, அப்பாவோடு விளையாடும்போது எப்படித்தான் ஒன்றும் தெரியாதவள் போல் இருக்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டான். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவியளுக்கு அந்தச் சின்ன விளையாட்டு போதும் மக்கா. சந்தோஷமா இருக்காவல்லா. நேரமாச்சு, எல்லாத்தையும் எடுத்து டின்னுல போடு."

கேலியாகச் சொல்லியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி போதும் என்று சொல்வது போல, அக்கறையோடு சொன்னாள். இந்த மூன்று பேரும் இவ்வளவு நாளும் என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சற்று முன் கூட்டத்தில் நின்று பலவீனமானவர்களைத் தாங்குகிறேன் என்று சொன்ன வாய் இது. அவள் கையைப் பிடித்துக் கப்பல் நகர்த்தக் கற்றுக்கொடுத்த கை இது. கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. கள்ளனைப் போல் ஓசையில்லாமல் வராந்தாவை விட்டு இறங்கினேன்.

கேட் வரைக்கும் திரும்பிப் போனேன். கேட்டை ஒரு தடவை சத்தமாகச் சாத்தினேன். இருமினேன். போதாது என்று ஒரு பல்லவியையும் உரக்கப் பாடிக்கொண்டு நடந்தேன். டின்னை மூடுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது மேசையில் வெறும் கப்பலும் கட்டையும் துணிப்பையும்தான் இருந்தன.

"நனஞ்சிட்டியளே, குடையை என்ன செய்திய?" என்று மனைவி தலை துவட்டத் துவர்த்தைக் கொடுத்தாள். குடை கையில்தான் இருந்தது. விரிக்கவில்லை.

அன்றைக்கும் விளையாடினோம். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சீட்டு எடுக்கும்போது கண்ணை மூடவில்லை. அவள் கப்பலைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் திருத்துவேன் என்று. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அப்படியும் நான்தான் ஜெயித்தேன். மகன் கைதட்டினான். ஜெயித்ததற்காக அழுகை வந்தது எனக்கு வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். பாட்டும் வேதவாசிப்பும் முடிந்தால் நான் ஜெபிப்பேன். சொல்ல வேண்டிய வார்த்தைகள் வருஷக்கணக்காகத் தேய்ந்த தடத்தில் தானாகப் போகும். நோயாளிகள், சொந்தக்காரர்கள், சபை, மகனின் பிரயாணம். பிரயாணம் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் போகவில்லை. நேருக்கு நேர் சொல்ல முடியாததைக் கண்ணை மூடிக்கொண்டால் சொல்ல முடிகிறது. ஜெபத்தில் நடிக்கவும் முடியாது.

"ஆண்டவரே" என்றேன். "நான் இன்னைக்குக் கூட்டத்தில எனக்க மனைவிக்காக விளையாட்டை லேசாக்கினோம்னு சாட்சி சொன்னேன். எனக்காகத்தான் லேசாக்கினாங்கன்னு ஜன்னல் பக்கத்தில நின்னு தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு இவங்க முகத்தைப் பாக்க வெட்கமா இருக்கு."

ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். கண்ணைத் திறக்க எனக்குப் பயம். அப்போது என் மனைவி ஜெபிக்கத் தொடங்கினாள். சாதாரணமாக அவள் சத்தமாக ஜெபிக்க மாட்டாள்.

"ஆண்டவரே, நாங்க மறைச்சது தப்புதான். மன்னியும். ஆனா இந்த மனுஷன் அன்னைக்கு அட்டையத் தலைகீழாப் பிடிச்சுகிட்டு அரை மணிக்கூர் இருந்தது உமக்கே தெரியும். நான் வேற என்ன செய்வேன்?"

மருமகளிடமிருந்து முதலில் ஒரு சத்தம் வந்தது. அடக்கின சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மகன் ஆமென் என்றான். நான் கண்ணைத் திறந்தபோது அவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வெட்கத்தைவிட அவன் வெட்கம் பெரிதாகத் தெரிந்தது. அப்பனை ஏமாற்றினது போல் ஆயிற்றே என்று நினைத்திருப்பான். அவன் தோளில் கையை வைத்து, "நாளைக்கு டின்னையும் சேத்து எடு மக்கா" என்று மட்டும் சொன்னேன்.

எல்லாரும் படுக்கப் போனபின் மனைவியிடம் கேட்டேன். நான் உனக்குச் சொல்லித் தருகிறேன் என்று பெரிய ஆள் மாதிரி நடந்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் பாயை விரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சொல்லித் தரும்போ உங்க முகம் நல்லா இருந்து. அதான்."

மறுநாள் மழை காரணமாகச் சந்தையில் வியாபாரம் இல்லை. பகலிலேயே முழு விளையாட்டையும் விரித்தோம். பகடை விஷயத்தில் மட்டும் என் மனம் இன்னும் இளகவில்லை. நான் தொட மாட்டேன் என்றேன். "தொடாண்டாம், உங்களுக்கும் சேத்து நானே உருட்டுகேன். பாவம் எனக்க கணக்கில இருக்கட்டு" என்றாள் மனைவி. என் அட்டைகளை மருமகள் என் காதருகில் தமிழில் சொன்னாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகவே என் ரகசியமெல்லாம் மேசைக்கே கேட்டது. சரக்கு மாற்றுகிற இடத்திலாவது ஜெயிப்பேன் என்று நினைத்தேன், வியாபாரிதானே. மருமகள் மிளகு இல்லாமல் தவிக்கிறாளே என்று இருந்த மிளகையெல்லாம் கொடுத்துவிட்டேன்.

"அப்பா, சந்தையிலயும் இப்படித்தானா?" என்று கேட்டான் மகன். லீவு முழுக்க அவன் என்னிடம் அப்படி விளையாட்டாகப் பேசினதில்லை. விட்டுக்கொடுக்கவும் இல்லை. என் கப்பலைக் கொள்ளையடித்தான், நான் ஏற்றி வைத்திருந்த சரக்கைப் புயலில் போக்கினான். முடிவில் என்னிடம் மூழ்காமல் மிஞ்சினது ஒரே கப்பல், அதுவும் காலி. யாரும் கைதட்டவில்லை. அவன் அட்டைகளை அடுக்கிக்கொண்டே நான் எந்த இடத்தில் தவறினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்டேன். பாதிதான் விளங்கிற்று. விளங்காத பாதியைத் திரும்பக் கேட்டேன்.

அவன் போனபின் வந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மனைவியும் வந்தாள். சாட்சி நேரத்தில் உபதேசியார் என்னைப் பார்த்து, போன வாரம் நம் சகோதரன் சொன்ன சாட்சி பலருக்கு ஆசீர்வாதமாக இருந்தது, மகனோடு விளையாட்டெல்லாம் எப்படிப் போயிற்று என்று கேட்டார். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பிற்று. நான் எழும்பினேன். பக்கத்தில் அவள் சேலைத்தலைப்பைச் சரிசெய்துகொண்டு தலைகுனிந்து இருந்தாள்.

"போன வாரம் நான் சொன்னதில தப்பு உண்டு" என்றேன். "எனக்க மனைவிக்கு நல்லா விளங்கும். எனக்குத்தான் விளங்காது. எனக்காகத்தான் லேசாக்கினாங்க. பெறகு முழுசா விளையாடினோம். நான் கடைசி ஆளாத்தான் வந்தேன்."

இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். இதற்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல், கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே, ஸ்தோத்திரம் என்றது.